முதல் புத்தகம் போட்டாயிற்று, இனி நின்றுவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களில் நிறைய பேர் முதல் புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள். எழுத வராததால் இல்லை. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றிய நாளிலிருந்து மணிக்கொருமுறை கேடிபி (அதில் நாமே புத்தகம் வெளியிடும் சேவை) கணக்கைத் திறந்து பார்ப்பது, நண்பர்களும் சொந்தக்காரர்களும் வாங்கி முடித்ததும் விற்பனை அப்படியே படுத்துவிடுவது, அதைப் பார்த்து ‘நமக்கு இது சரிப்படாது’ என்று முடிவு கட்டிவிடுவது, இதுதான் நடக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் எழுதியிருந்தால் வாசகர் சேர்ந்திருக்கக்கூடியவர்கள் இப்படி ஒதுங்கிப்போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உங்கள் ஊக்கத்தை விற்பனை எண்ணை நம்பி விடாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. வாரா வாரம் நீங்கள் செய்து முடிக்கிற வேலை உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் பணம் எப்படி வருகிறது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், பாதிச் சோர்வு அதிலேயே போய்விடும். கேடிபியில் ஒரு மாத விற்பனைக்கான ராயல்டி, அதாவது எழுத்தாளர் பங்கு, அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும். ஜனவரியில் விற்றது மார்ச் கடைசியில். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படிப்பதற்கு, புரட்டிய பக்கங்களைக் கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பதே அடுத்த மாத நடுவில்தான் தெரியும். அப்படியிருக்க தினமும் எட்டிப் பார்த்து என்ன ஆகப்போகிறது? மாதம் ஒரு தேதி வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் பாருங்கள். விற்றது எத்தனை, படித்த பக்கம் எத்தனை, புதிதாக வந்த விமர்சனம் என்ன, மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

அந்தப் பக்கக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உங்கள் புத்தகம் 155 பக்கம் என்று வையுங்கள். ஒரு நாள் 40, மறுநாள் 70, அதற்கடுத்த நாள் 45 என்று காட்டிவிட்டு நின்றுபோனால், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மூன்று நாளில் அதை முழுதாகப் படித்து முடித்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ரூபாயில் பார்த்தால் அது சின்னத் தொகைதான். ஆனால் உங்கள் எழுத்து முன்பின் தெரியாத ஒருவரைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தொடக்க காலத்தில் இதைவிடப் பெரிய தகவல் எதுவும் கிடைக்காது.

மின்னூலைக் கிண்டில் அன்லிமிடெடில் வைக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்று பலரும் குழம்புவார்கள். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது, பிரதிலிபியிலோ உங்கள் வலைப்பதிவிலோ கிடந்தால் எடுத்துவிட வேண்டும், அச்சுப் புத்தகம் விற்கத் தடை இல்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 35தான். புதியவர்கள் சேர்வதே நல்லது என்பது என் கருத்து. அந்த 90 நாள் உங்களுக்கு ஒரு காலக்கெடுவாகவும் உதவும். இலவசமாகக் கொடுக்க அனுமதிக்கிற 5 நாளை எப்போது வைப்பது, அடுத்த புத்தகம் எந்தக் கட்டத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று அதற்குள் திட்டமிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் தேர்வு வேண்டாமென்றால் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

சரி, வாரத்தை எப்படிப் பிரிப்பது? எழுதுகிற வேலையும் விற்கிற வேலையும் ஒரே நாளில் வேண்டாம். எழுத்துக்கு வார நாட்களில் காலையிலோ இரவிலோ ஒரே நேரம், அரை மணி போதும். அட்டைப்படம், விளம்பரப் பதிவு, கூரியர், கணக்கு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. செவ்வாய்க்கிழமை எழுதும்போது ‘அட்டையை மாற்றலாமே’ என்று தோன்றினால் ஞாயிறு பட்டியலில் குறித்துவிட்டு எழுத்துக்குத் திரும்புங்கள். வீட்டில் கல்யாணம், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று வரும் வாரங்களுக்கு ஒரு குறைந்தபட்ச வேலையையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருங்கள். எழுதி வைத்ததில் ஒரு பக்கம் படித்துத் திருத்தினால் போதும் என்பது மாதிரி. முழுதாக விட்டுவிட்டால் திரும்ப உட்கார்வது ரொம்பக் கஷ்டம்.

பலரும் காணாமல் போகிற இன்னொரு இடமும் இருக்கிறது. ஒரு புத்தகத்தை மெய்ப்புக்கு, அதாவது பிழை திருத்த, கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இடைவெளிதான் அது. அதற்கு முன்பே அடுத்த புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதி வைத்துவிடுங்கள், கையில் வேலை இருந்தால் காத்திருப்பது உறுத்தாது. அப்புறம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிப்பதும் அலுப்பைக் கொண்டுவரும். முதல் முறை செய்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றியபின் கொம்பும் காலும் சரியாக நிற்கின்றனவா, ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, ர-ற, ல-ள-ழ சரியா, பொருளடக்கத்தைத் தொட்டால் அந்த அத்தியாயத்துக்குப் போகிறதா, சின்ன போனில் திறந்தால் எப்படி இருக்கிறது. மெய்ப்பை மட்டும் நீங்களே பார்த்து முடித்துவிடாதீர்கள், இன்னொருவர் கண் கட்டாயம் வேண்டும்.

அச்சில் போடுவதாக இருந்தால் ஆசையில் 500 பிரதி அடிக்க வேண்டாம். கட்டிலுக்கடியில் கிடக்கிற பெட்டிகளைத் தினமும் பார்ப்பதைவிட மனதைச் சோர வைப்பது வேறில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்டில் 30, 50 என்று போடுங்கள். ஒரு பிரதிக்கான செலவு கூடத்தான் செய்யும், ஆனால் பணம் முடங்காது. விலை வைக்கும்போதே கடைக்குக் கொடுக்க வேண்டிய கழிவையும் (தள்ளுபடி) சேர்த்துக் கணக்கிடுங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ‘எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று பெரிய தொகைக்குப் பேக்கேஜ் சொல்பவர்களிடம், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

அச்சுச் செலவுக்கு வாசகர்களிடம் முன்பதிவும் வாங்கலாம், அப்படி அச்சிடுவது நமக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, கையொப்பக்காரர்கள் (வாங்குவதாக முன்கூட்டியே பெயர் பதிந்தவர்கள்) கொடுத்த முன்பணத்தின் துணையோடு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதோடு நிற்கவில்லை. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. வேலைக்குப் போய்க்கொண்டே புத்தகம் போடுகிற நமக்கு இந்த வரிசை பெரிய தெம்பு.

இன்றைக்குக் கையொப்பப் பட்டியல் என்றால் வாட்ஸாப்தான். வாங்கிய ஒவ்வொருவரிடமும் கேட்டு எண்ணைச் சேர்த்து ஒரு பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘நல்லா இருந்ததா?’ என்று கேட்டால் ‘சூப்பர் சார்’ என்றுதான் பதில் வரும். ‘எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள்?’ என்று கேளுங்கள், அடுத்த புத்தகத்துக்கு வேண்டியது கிடைக்கும். ஒற்றை நட்சத்திர விமர்சனத்துக்குப் பதில் எழுத வேண்டாம். அதில் ஒரு உண்மை இருந்தால் திருத்தி மறுபடி ஏற்றுங்கள், கிண்டிலில் அது சுலபம்.

அச்சுக்கு நாட்காட்டி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருவதால் டிசம்பரில் அச்சகங்களில் நிற்க இடமிருக்காது. எனவே செப்டம்பருக்குள் எழுதி முடித்து, அக்டோபரில் மெய்ப்பும் லேஅவுட்டும், நவம்பரில் அச்சுக்கு என்று பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். தனியாக அரங்கு எடுக்க நினைக்க வேண்டாம், தெரிந்த பதிப்பாளர் அரங்கில் கழிவுக்குப் பத்துப் பிரதி வைக்க முடியுமா என்று நவம்பரிலேயே பேசிவிடுங்கள். ஜனவரி தவறிப்போனால் புத்தகத்தை அவசரமாக முடிக்காதீர்கள், ஆகஸ்டில் ஈரோடு இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் மாவட்டப் புத்தகக் காட்சிகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.