அரசியல் சிந்தனை வரலாற்றைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவீன அரசியல் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் ஒரு வரிசையை ஒப்பிப்பார்கள்: பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக், ரூசோ. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கி, மக்களாட்சியை நம் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தது போல ஒரு தோற்றம். தேர்வுக்கு இது போதும். ஆனால் அவர்கள் யாரும் நம்மை நினைத்து எழுதவில்லை. தங்கள் காலத்துச் சண்டையில் எதிரே நின்றவருக்குப் பதில் எழுதினார்கள். அந்த எதிராளியை மறந்துவிட்டுப் படிப்பதுதான் பெரிய தவறு.

ஜான் லாக்கை எடுத்துக்கொள்வோம். 1688-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். 1689 கடைசியில் லாக்கின் 'அரசாங்கம் குறித்த இரு ஆய்வுரைகள்' அச்சில் வந்தது. ஆகவே, நடந்த புரட்சியை நியாயப்படுத்த எழுதிய நூல் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நூலின் முன்னுரையும் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி 1680-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே எழுதப்பட்டது என்பதுதான் இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஜேம்ஸ் பட்டத்துக்கு வரவே கூடாது என்று நாடாளுமன்றத்தில் மல்லுக்கட்டு நடந்த காலம் அது. மன்னரின் அதிகாரம் ஆதாமிடமிருந்து வழிவழியாக வந்தது என்று வாதிட்ட ராபர்ட் ஃபில்மரின் நூல், அவர் இறந்து வெகுநாள் கழித்து 1680-இல் அச்சேறியது. லாக்கின் முதல் ஆய்வுரை முழுக்க அதற்கு மறுப்பு. அலுப்பூட்டும் பகுதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதைத் தாண்டிக் குதித்தால் லாக் யாரோடு மோதுகிறார் என்பதே தெரியாமல் போய்விடும்.

தேதியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஃபில்மருக்கு மறுப்பு எழுதிய இன்னொருவர் அல்ஜர்னான் சிட்னி. அச்சேறாத அந்தக் கையெழுத்துப் பிரதியையே அவருக்கு எதிரான சாட்சியமாக வைத்து, 1683-இல் அவர் தலையை வெட்டினார்கள். தலை போகிற காரியம் என்பார்களே, அது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. லாக் அதே ஆண்டு ஹாலந்துக்குத் தப்பிப் போனார். நூல் வெளிவந்தபோதும் தன் பெயரைப் போடவில்லை. அது தன்னுடையதுதான் என்று 1704-இல், உயிலில்தான் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது, மேற்கோளை வைத்து ஆளை எடைபோடுவது. 'நோக்கம் சரியென்றால் எந்த வழியும் சரி' என்ற வாசகம் மாக்கியவெல்லியின் 'இளவரசன்' நூலில் அப்படியே எங்கும் இல்லை. அவர் ஃப்ளாரன்ஸ் குடியரசில் 1498 முதல் 1512 வரை அதிகாரியாக இருந்தவர். முன்பு அந்நகரை ஆண்ட மெடிச்சி குடும்பம் திரும்பி வந்ததும் வேலை போனது. 1513-இல் சிறையும் சித்திரவதையும். அதே ஆண்டு எழுதியதுதான் 'இளவரசன்'. லிவியின் ரோம வரலாற்றை முன்வைத்து அவர் எழுதிய பெரிய நூலோ குடியரசுக்காக வாதாடுகிறது. ஒன்றை மட்டும் படித்தால் பாதி மனிதர்தான் கிடைப்பார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் சொன்னதாகச் சுற்றும் 'உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்பதும் இதே கதை: 1906-இல் அவரைப் பற்றிய நூலில் ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் எழுதிய வரி அது.

அப்புறம், இன்றைய சொற்களை அன்றைக்குத் திணிப்பது. இடது, வலது என்ற பிரிவே 1789-இல் பிரெஞ்சு மன்றத்தில் உறுப்பினர்கள் உட்கார்ந்த பக்கத்தால் வந்தது. அதற்கு முந்தைய ஹாப்ஸை வலதுசாரி என்பதில் பொருளில்லை. அமெரிக்க அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான மேடிசனும் 1787-இல் குடியரசைத்தான் ஆதரித்தார். ஜனநாயகம் என்றால் அவருக்கு மக்களே நேரில் கூடி ஆள்வது; அந்தச் சொல்லை அவர் சந்தேகத்தோடுதான் கையாண்டார்.

கடைசியாக, பெயர் பெற்றவர்களோடு நின்றுவிடுவது. பிரெஞ்சுப் புரட்சி 1789-இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் பெண்களுக்கு இடமெங்கே என்று ஒலாம்ப் தெ கூஜ் என்ற பெண் எழுத்தாளர் 1791-இல் கேட்டார். 1793-இல் கில்லட்டினில் அவர் தலை விழுந்தது. அதே 1791-இல், பிரான்சின் காலனியான செயின்ட் டொமிங்குவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது 1794-இல்தான். 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது அந்த மக்கள் விடவில்லை. 1804-இல் அந்தக் காலனி ஹைட்டி என்ற சுதந்திர நாடானது.