வட ஆற்காட்டிலிருந்து இங்கிலாந்து வரும் நர்ஸ்களுக்கு: எந்த ஊர், எந்த வார்டு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரிந்து வருடங்கள் ஆனாலும், நம் பக்கத்து நர்ஸ் என்றால் "சிஎம்சியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சி 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய இடம், அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் நீங்கள் அங்கே படித்தவராக இருந்தாலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ குடியாத்தத்தில் இருபது கட்டில் உள்ள ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்தவராக இருந்தாலும், இங்கே வந்ததும் எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே வரிசை. அப்புறம் உங்கள் முதல் வருடம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் சேரும் வார்டு. அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், கிளம்பும்போதே சரிசெய்ய வேண்டியது பெயர். சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கவுன்சில் பதிவில் வேறு மாதிரி இருக்கும். இங்குள்ள நர்சிங் கவுன்சிலான என்எம்சி ஒவ்வொரு காகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஊரில் இருக்கும்போதே சென்னை சாந்தோமில் உள்ள தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் கேட்டுச் சரிசெய்துவிடுங்கள். இங்கே வந்தபின் பெயர்த் திருத்தக் கடிதத்துக்காக வீட்டில் யாராவது காட்பாடியிலிருந்து ரயில் ஏறி அலைய வேண்டிவரும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்சியை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கிலாந்துச் சட்டப்படி வேலை தேடுகிறவரிடம் ஏஜென்சி அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வட்டிக்குக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. வளைகுடாவுக்குப் போகிற தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: 2015 முதல் அங்கே நர்ஸ் வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி, கட்டாயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தமிழக அரசின் ஓஎம்சிஎல் நிறுவனம் வழியாகப் போவதே பாதுகாப்பு.

சரி, இங்கிலாந்தில் எந்த ஊர் என்பதற்கு வருவோம். லண்டன் என்றால் எல்லோருக்கும் ஆசைதான். ஈஸ்ட் ஹாமில் இறங்கினால் தோசைமாவு முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். ஆனால் இங்கிலாந்து முழுக்க என்எச்எஸ் என்னும் அரசு மருத்துவமனைகளில் பதிவுபெற்ற நர்சுக்கு ஒரே சம்பள அளவுதான். 2025-26-இல் அந்த அளவான பேண்ட் 5-இன் தொடக்கம் வருடத்துக்கு 31,049 பவுண்டு. உள் லண்டனில் அதற்கு மேல் இருபது சதவீதம் தருவார்கள், அது வீட்டு வாடகைக்கே போய்விடும். குடும்பத்தைக் கூட்டிவர நினைப்பவர்கள் வடக்கே சின்ன ஊர்களைப் பாருங்கள் என்பது என் கருத்து. அங்கே தமிழ்க்குரல் குறைவாகக் கேட்கும், மலையாளம் நிறையக் கேட்கும், அவர்கள் உதவுவார்கள். முதியோர் இல்லங்களுக்கு இந்தச் சம்பள அளவு பொருந்தாது, முதலாளிக்கு முதலாளி மாறும். இரவு முழுக்க நீங்கள் ஒருவரே பதிவுபெற்ற நர்சாக இருக்க நேரலாம். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம்.

என்எம்சி தரும் பதிவு எண்ணான பின் (PIN) நம்பர் வரும்வரை நீங்கள் இங்கே நர்ஸ் இல்லை. பேண்ட் 5-க்குக் கீழான சம்பளத்தில், வேறு நிறச் சீருடையில் உதவியாளராகத்தான் இருப்பீர்கள். அந்த நம்பருக்கான செய்முறைத் தேர்வு ஆஸ்கி (OSCE), அதில் பத்து ஸ்டேஷன். வேலைக்குச் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் முயற்சி, எட்டு மாதத்துக்குள் தேர்ச்சி என்பது விசா விதி. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முயற்சிதான். அதனால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆஸ்கி பயிற்சிக்குத் தனி ஆள் இருக்கிறாரா, பயிற்சி டியூட்டி நேரத்திலா, லீவு நாளிலா? நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தை நம்பாதீர்கள்.

இனி வார்டு. ஊரில் ஐசியுவில் ஆறு வருடம் பார்த்தவரை முதியோர் வார்டில் போடுவது இங்கே சாதாரணம். எந்த வார்டு என்று ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டு அனுபவத்தைச் சம்பளத்தில் கணக்கிடுவது அவர்கள் விருப்பம், அதையும் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

எந்த வார்டானாலும் நம் பெண்கள் திணறுவது ஒரே இடத்தில்தான். ஊரில் நோயாளியோடு வந்த அட்டெண்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார். உடம்பு துடைப்பது, இட்லியைப் பிட்டு ஊட்டுவது, யூரின் பாட்டில் நீட்டுவது எல்லாம் அவர் வேலை. இங்கே மகனும் மகளும் பார்வையாளர் நேரத்தில் வந்து போவார்கள், அத்தனையும் நம் கையில். பல் செட்டைக் கழுவி மாட்டிவிடுவதும், தேநீரில் பால் எவ்வளவு என்று கேட்பதும், பிடிக்கிற துணி எது என்று கேட்டு உடுத்துவதும் நர்சிங்தான். சிலருக்கு இது தாழ்வாகப் படுகிறது. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். காலையில் துடைத்துவிடும்போதுதான் முதுகில் புண் தொடங்குவது கண்ணில் படும், மூச்சு வாங்குவது காதில் விழும்.

இன்னொன்று, கையில் திறமை இருந்தும் தடுப்பார்கள். நரம்பைப் பார்த்ததும் ஒரே குத்தில் ஊசி போடுகிறவராக இருக்கலாம், ஆனால் இங்கே அதற்கான பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃப்ளானைத் தொடக் கூடாது. கோபப்படாமல் சீக்கிரம் பெயர் கொடுத்துவிடுங்கள். மருந்துச் சீட்டில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நேரே கேளுங்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முதலில் நாக்கு வராது, பழகிவிடும். தெரியாமல் தலையாட்டிவிட்டு மருந்து கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

முதல் மாதச் சம்பளம் தள்ளிப்போகலாம். சேரும் தேதி சம்பளக் கணக்கு முடிந்த பிறகு விழுந்தால் அடுத்த மாதம்தான் வரும். ஒரு மாத வாடகையும் அட்வான்சும் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். இடையில் வேலையை விட்டால் விசா, விமானம், தேர்வுச் செலவைத் திருப்பிக் கட்டு என்று ஒரு பக்கம் இருக்கும். எந்தச் செலவு, எவ்வளவு, மாதம் ஆக ஆக எப்படிக் குறையும் என்று தொகையாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் கேளுங்கள். வந்து சேர்ந்ததும் நர்ஸ்களுக்கான ஆர்சிஎன் அல்லது யூனிசன் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற நினைத்தால், விசாவுக்காகப் புது இடம் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றும் அதை வைத்து விண்ணப்பித்த விசாவும் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கடிதம் கொடுங்கள்.