மெக்சிகோ சிட்டி தெருக்கடையில் தாக்கோ சாப்பிட...

மெக்சிகோ சிட்டிக்குப் போகிறவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குக் குடியிருப்புப் பகுதியில் இருக்கிற தாக்கேரியா (தாக்கோ கடை) ஒன்றைத் தேடிப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் கூட்டமாக நிற்கும் கடையாகப் பாருங்கள். வாசலில் மசாலா ஊறிய பன்றிக்கறி அடுக்கடுக்காகக் கம்பியில் சுழன்று வேகும், உச்சியில் அன்னாசிப்பழம் இருக்கும். அதுதான் 'அல் பாஸ்தோர்'. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் வழியில் வந்தது. கேட்டதும் கறியைச் சீவி, உள்ளங்கை அகல மக்காச்சோள ரொட்டியான தொர்த்தியாவில் வைத்து, வெங்காயம், கொத்தமல்லி, ஒரு கீற்று அன்னாசியோடு தாக்கோவாகத் தருவார்கள். எலுமிச்சை பிழிந்து சுடச்சுடச் சாப்பிடுங்கள். முதலில் இரண்டு மட்டும் சொல்லுங்கள், ஆறிப்போனால் அந்த ருசி இல்லை.

மேலே ஊற்றிக்கொள்ளும் சால்சா என்கிற மிளகாய்ச் சட்னியின் நிறத்தை வைத்துக் காரத்தைக் கணிக்க முடியாது. ஒரு சொட்டு தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஆபனேரோ மிளகாய் நம் ஊர்ப் பச்சை மிளகாயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பூசணிப்பூ கேசதியா (பூசணிப்பூவை உள்ளே வைத்து மடித்த தொர்த்தியா) அருமையான தேர்வு. இந்த ஊரில் அதில் சீஸ் தானாக வரும் என்று நினைக்காதீர்கள், 'கோன் கேசோ' (சீஸோடு) என்று கேட்டு வாங்குங்கள். மசித்த பீன்ஸ் பயறில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது சகஜம். 'தியேனே மாந்தேகா?' (பன்றிக்கொழுப்பு இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டே தொடுங்கள்.