குழந்தையின் மலச்சிக்கலுக்கு மருந்து: எப்படித் தொடங்குவது, எப்போது நிறுத்துவது

என் பையனுக்கு அப்போது மூன்றரை வயது. சோபாவுக்குப் பின்னால் போய், குதிகாலைத் தூக்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பான். பாவம், முக்குகிறான் என்றுதான் நினைத்தோம். "முக்கலைம்மா, அடக்குறான்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது.

ஒருமுறை இறுகிப்போய் வலித்திருக்கும். அந்த வலிக்குப் பயந்து பிள்ளை அடக்கும். அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அது இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். மருந்து கொடுப்பது இந்தச் சுற்றை அறுக்கத்தான். ஒருநாள் பேதியாக வைத்து அனுப்பிவிடுவதற்கு இல்லை.

1. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதன் பின்னால் வேறு நோய் இருப்பதில்லை. ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கிய குழந்தை, வயிறு உப்பி பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, காலில் பலமில்லாத குழந்தை என்றால் கதை வேறு. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

2. தேங்கியதை வெளியேற்றுங்கள்

ஜட்டியில் அடிக்கடி தண்ணியாகக் கறை படிகிறதா? வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்துவிடாதீர்கள். உள்ளே கட்டியாக அடைத்திருப்பதன் ஓரமாக இளகிய மலம் கசிவதாக இருக்கலாம். பிள்ளைக்கே தெரியாமல் நடப்பது அது, அதற்காகத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இந்தக் கட்டத்தில் டாக்டர்கள் அதிகம் எழுதுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். இது உடம்பில் ஏறாமல், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். 15 கிலோ பிள்ளைக்குச் சுமார் 15 முதல் 22 கிராம் வரும். இது கணக்கு புரிவதற்காகச் சொன்னது, உங்கள் பிள்ளைக்கான அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த நாட்களில் ஜட்டி இன்னும் மோசமாகும். பள்ளிக்கு லீவு போட்டுவிடுங்கள்.

கவரில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் பவுடர் முழுக்கக் கரைய வேண்டும். உப்பு சேர்ந்த வகை லேசாகக் கரிக்கும். என் பையன் முதல் மடக்கை அப்படியே என் நைட்டியில் துப்பினான். மறுநாள் குளிர்ந்த எலுமிச்சை ஜூஸில் கலந்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன். சத்தமில்லாமல் குடித்தான்.

3. தினமும் கொடுங்கள், போனாலும் கொடுங்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். இரண்டு வாரம் நன்றாகப் போனது, சரியாகிவிட்டது என்று நிறுத்தினோம். பத்தே நாளில் மறுபடி சோபாவுக்குப் பின்னால்.

பல மாதம் அடக்கி அடக்கி மலக்குடல் விரிந்துபோயிருக்கும். நிறைந்தாலும் அதற்கு உணர்வு வராது. அது பழைய நிலைக்குச் சுருங்கக் காலம் பிடிக்கும். அதனால் குறைந்தது இரண்டு மாதமாவது மருந்து ஓட வேண்டும், பலருக்கு அதைவிட நீளும். இப்போது அளவு குறைவு, பவுடர் என்றால் கிலோவுக்கு 0.4 கிராம் போலத் தொடங்கி ஏற்றி இறக்குவார்கள். லாக்டுலோஸ் சிரப்பும் உண்டு. ஒரு வயதுக்குள் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள், கொஞ்சம் கேஸ் பிடிக்கும்.

"பழகிடும், குடல் சோம்பேறியாகிடும்" என்று மாமியார் முதல் மருந்துக்கடைக்காரர் வரை சொல்வார்கள். இந்த இரண்டு மருந்துக்கும் அது பொருந்தாது. குடல் கெட்டுப்போவது தேங்குவதால்தான்.

அளவு சரியா என்பதை மலத்தைப் பார்த்தே சொல்லலாம். ஆட்டுப்புழுக்கை மாதிரி இருந்தால் போதவில்லை. தண்ணியாக ஓடினால் அதிகம். மிருதுவான வாழைப்பழம் மாதிரி, வலிக்காமல் போக வேண்டும்.

அப்புறம், சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆசனவாயில் எதையாவது நுழைத்தால் பயம்தான் கூடும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

4. உட்கார வையுங்கள்

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். காலை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 5 முதல் 10 நிமிடம் போதும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர இருக்க வேண்டும். நாங்கள் பாட்டியின் பழைய மணைப்பலகைகள் இரண்டை அடுக்கினோம். போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்கு ஒரு ஸ்டிக்கர்.

பாலைக் குறைத்து, பழம், கீரை, தண்ணீர் கொடுங்கள். ஆனால் முற்றிய மலச்சிக்கல் கீரையால் மட்டும் தீராது.

5. மெல்லக் குறையுங்கள்

எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒரு மாதமாவது ஓடிய பிறகு, டாக்டரிடம் கேட்டு, படிப்படியாக. குறைத்ததும் மறுபடி இறுகினால் பழைய அளவுக்கே திரும்புங்கள். எங்களுக்கு இரண்டாவது சுற்று ஏழு மாதம் பிடித்தது. கடைசிக் கவரைப் பிரித்த வாரத்தில், "அம்மா, கதவச் சாத்திட்டுப் போ" என்றான்.