வெளிநாட்டில் கல்விப் பணிக்கான இன்டர்ன்ஷிப்: சேலம் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக் கல்லூரிகளில் சமூகப்பணியும் கல்வியியலும் பயிலும் மாணவர்களில் பலர், வெளிநாடு சென்று வசதியற்ற பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போகிறவருக்குப் பணமும் காலமும்தான் வீணாகும். அங்குள்ள குழந்தைக்கோ அதைவிடப் பெரிய இழப்பு நேரும். ஆகவே குழந்தைக்குத் தீங்கு செய்யும் தவற்றை முதலில் சொல்ல வேண்டும்.

அது, அனாதை இல்லங்களில் சேவை செய்யப் போவது. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார் என்று ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு 2009இல் சுட்டிக்காட்டியது. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுகளில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அந்தக் காலத்தில் அந்நாட்டில் பெற்றோரை இழந்த குழந்தைகள் பெருகியதால் அல்ல, காசு கொடுத்துச் சேவை செய்ய வரும் வெளிநாட்டினர் பெருகியதே அதற்கு முக்கியக் காரணம். பிள்ளை நன்றாகப் படிக்கும் என்ற நம்பிக்கையில் ஏழைப் பெற்றோர் அனுப்பிவைக்க, அந்தப் பிள்ளை பெற்றோரைப் பிரிந்து, மாதத்துக்கு ஒரு முறை மாறும் அண்ணன்களோடும் அக்காக்களோடும் பழகிப் பழகிப் பிரிகிறது. குழந்தைகளை இவ்வாறு இல்லங்களுக்குக் கொண்டுசெல்வதையும் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2018இல் நவீன அடிமைமுறை பற்றிய சட்ட விவாதத்தில் கருத்தில் எடுத்துக்கொண்டது. எனவே குழந்தை தன் வீட்டிலேயே இருந்து படிக்கும் ஏற்பாடுகளை, அதாவது மாலை நேர வகுப்பு, நூலகம், இடைநின்ற மாணவரை மீண்டும் பள்ளியில் சேர்க்கும் திட்டம் போன்றவற்றை மட்டும் தேடுங்கள். குழந்தைகளோடு பழகப்போகும் உங்களிடம் காவல்துறைச் சான்றிதழ்கூடக் கேட்காத நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் அதைத் தவிர்ப்பதே சரி.

பணமும் விசாவும் அடுத்த சிக்கல். ஐக்கிய நாடுகள் சபையின் எந்த அமைப்பும் ஆள் சேர்ப்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் மோசடிக்காரர். சுற்றுலா விசாவில் போய்விடலாம், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காத வேலையையும் வேலையாகவே பல நாடுகள் கருதுகின்றன. பிரிட்டனில் தொண்டுப் பணிக்கென்றே 12 மாதம் வரையிலான தனி விசா உண்டு. அதற்கு அங்குள்ள அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று உங்களை ஏற்றுச் சான்று தர வேண்டும். உகாண்டா, கானா போன்ற நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் போட்டுக்கொள்ள முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது.

உள்ளூரில் ஒரு பிள்ளைக்கும் எழுத்துக் கற்பிக்காமல் விமானம் ஏறுவதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றின் மாலை வகுப்பில் சில மாதங்கள் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை பாடத்தைத் தங்குதடையின்றி ஒப்பிக்கும். விரலோ வேறொரு வரியில் இருக்கும். அந்த விரலைக் கவனிக்கத் தெரியாதவர், குழந்தைக்கு வாசிக்க வருகிறது என்றே எழுதிவைத்துவிட்டுப் போவார். எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்காமல், குழந்தை இப்போது எந்த நிலையில் வாசிக்கிறது என்று சோதித்து, அந்த நிலையிலிருந்து கற்பிக்கும் முறையை மும்பையில் 1995இல் தொடங்கிய ‘பிரதம்’ அமைப்பு வளர்த்தெடுத்தது. அதே முறைதான் பின்னர் ஜாம்பியா அரசுப் பள்ளிகளுக்கும் சென்றது. இங்கே பழகிய கைக்கு அங்கே வேலை இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இலங்கை மலையகத்துக்குச் செல்பவர்கள் வேறொரு வகையில் ஏமாறுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்களில் சேலம் மாவட்டத்தாரும் இருந்தார்கள். ஆகவே நம் மக்கள்தானே, நம் பாடத்தையே நடத்தலாம் என்று தோன்றும். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003 வரை அந்தச் சிக்கல் முழுமையாகத் தீராமல் வாழ்ந்த சமூகம் அது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். அங்குள்ள பிள்ளைக்கு ஐந்தாம் தரத்தில் (வகுப்பில்) எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையும், பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையும்தான் அடுத்த படிகள். அந்தப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் படிக்காமல் நம் சமச்சீர்க் கல்விப் புத்தகத்தைக் கொண்டுபோனால் பிள்ளையின் நேரம்தான் வீணாகும்.

அங்குள்ள ஆசிரியரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நீங்களே வகுப்பெடுப்பதும் தவறு. நீங்கள் திரும்பிய பிறகும் அந்த வகுப்பில் இருக்கப்போகிறவர் அவர்தான். அவர் கேட்கும் உதவி, அது முப்பது விடைத்தாள்களைத் திருத்துவதாக இருந்தாலும், அதுவே உங்கள் பணி. குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். பெற்றோர் தலையசைத்ததை மட்டும் வைத்து அனுமதி கிடைத்ததாக எண்ணவும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய வாரத்தைப் பிரிவு விழாவுக்கும் ஊர் சுற்றவும் செலவிடாமல், எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது, யாருக்குக் கழித்தலில் கடன் வாங்குவது இன்னும் புரியவில்லை என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி அந்த ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.