கேமில் தெரியாதவர்கள் அனுப்பும் ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட்: டிஸ்கார்டிலும் ஸ்டீமிலும் எதை மூட வேண்டும்?

அல்சூரில் இருக்கும் அக்காவின் மகனுக்கு 13 வயது. போன மாதம், "சித்தி, என் அக்கவுண்ட் போயிடுமா?" என்று கேட்டான். கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் ஆப்பில் ரிக்வெஸ்ட் அனுப்பி நண்பரான ஒருவர், "தவறுதலாக உன் ஸ்டீம் கணக்கின் மேல் புகார் கொடுத்துவிட்டேன், இந்த அதிகாரியிடம் பேசு" என்று எழுதியிருந்தார். இது பழைய மோசடி. ஸ்டீம் என்பது கேம் வாங்கி ஆடும் தளம்; அதன் ஊழியர்கள் சாட்டில் வந்து பேசுவதில்லை. பையன் இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்திருக்கிறான்.

முதலில் டிஸ்கார்ட் செட்டிங்ஸில் ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் பகுதிக்குப் போங்கள். எவ்ரிஒன், ஃபிரெண்ட்ஸ் ஆஃப் ஃபிரெண்ட்ஸ், சர்வர் மெம்பர்ஸ் என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். நான் எவ்ரிஒன்னை மட்டும் அணைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் ரிக்வெஸ்ட் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் சர்வரில், அதாவது டிஸ்கார்ட் குழுவில், அவன் சேர்ந்திருந்தான். சர்வர் மெம்பர்ஸ் திறந்திருந்தால் அத்தனை பேரும் அனுப்பலாம். பிள்ளைகளுக்கு மூன்றையுமே அணைப்பதுதான் சரி என்பேன். பள்ளித் தோழர்களுக்கு அவனே ரிக்வெஸ்ட் அனுப்பிக்கொள்ளட்டும்.

இதோடு முடியவில்லை. நண்பராகாமலேயே மெசேஜ் அனுப்ப முடியும், அதற்குத் தனிப் பொத்தான். சர்வரின் பெயரை அழுத்தி, பிரைவசி செட்டிங்ஸில் டைரக்ட் மெசேஜஸை அணையுங்கள். ஒவ்வொரு சர்வராகப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஸ்டீம். பிரைவசி செட்டிங்ஸில் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டை பிரைவேட் ஆக்குங்கள். பட்டியல் தெரிந்தால், நண்பனின் பெயரையும் படத்தையும் அப்படியே வைத்து வேறொருவர் வருவார். அதனால் அசல் நண்பர்களுக்கு ஸ்டீமிலேயே நிக்நேம் வைத்துவிடுங்கள். போலிக் கணக்கில் அந்த நிக்நேம் வராது. எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

யார் அனுப்பினாலும் லாகின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யக் கூடாது. செய்து ஒப்புதல் கொடுத்தால் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு பிள்ளைகளும் மூன்றையும் அணைத்திருந்தால் ஒருவரையொருவர் சேர்க்க முடியவில்லை என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். ஆமாம், முடியாது. ஒருவர் மட்டும் எவ்ரிஒன்னை ஐந்து நிமிஷம் திறந்து, ரிக்வெஸ்ட் வந்ததும் ஏற்றுக்கொண்டு, திரும்ப மூடிவிடுங்கள். அந்த நேரத்தில் போனில் பேசிக்கொண்டே செய்தால், வந்தது அவனுடையதுதானா என்று கேட்டுக்கொள்ளலாம்.