பேஸ்மென்ட்டில் மல்லித்தழை: ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மூன்று எல்.இ.டி. பல்பு

டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூடத் தேறாது. பேஸ்மென்ட்டில் குடியிருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், அதையும் பனி மூடிவிடும். கடையில் வாங்கும் மல்லிக்கட்டு ஃபிரிட்ஜுக்குள் பாதி அழுகிப்போவதைப் பார்த்துப் பார்த்து மனம் கேட்காமல்தான் பல்பு வெளிச்சத்தில் மல்லி வளர்க்கும் இந்தப் பெட்டியைச் செய்தேன். மூன்றாவது குளிர்காலமாக ரசத்துக்குத் தழை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். வயரிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் பெட்டி. சுமார் 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மூடி இப்போது கதவாகிவிடும். உள்ளே நான்கு பக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். அலுமினியத் தாள் வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும். வெள்ளையே வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும்.

அடுத்து விளக்கு. மேல்பக்கத்தில் துளை போட்டு, ஒரு பவர் பாரை (பல ப்ளக் செருகும் நீளப் பலகையை) உட்புறமாகப் பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டுங்கள். ப்ளக்கில் நேரடியாகச் செருகும் பல்பு ஹோல்டர்கள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மூன்றைச் செருகி, 14 வாட், 6500 கெல்வின் வெள்ளை பல்புகளைப் போடுங்கள். மூன்றும் 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு அரை யூனிட்தான் ஆகும். வெளியே வரும் வயர், சுவர் ப்ளக்கைவிடத் தாழ்ந்து தொங்கிப் பிறகு மேலேறட்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் ப்ளக்குக்குப் போகாது.

மூடிய இடத்தில் எல்.இ.டி. பல்பின் அடிப்பாகம் நன்றாகவே சுடும். ஆகவே ஒரு பக்கம் கீழே பத்துத் துளை, எதிர்ப்பக்கம் மேலே காற்றை வெளியே தள்ளும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன். இதை விட்டுவிடாதீர்கள். காற்று ஓடாத பெட்டியில் நாற்றின் அடித்தண்டு ஒரே இரவில் அழுகிச் சாயும்.

விதைக்கு, வறுக்காத முழு மல்லியே போதும். ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. பூரிக்கட்டையால் மெல்ல உருட்டினால் சரிபாதியாகப் பிளக்கும், நொறுக்கிவிடக்கூடாது. இரவு முழுக்க ஊறவைத்து, 15 செ.மீ. ஆழத் தொட்டியில், கடையில் பையில் விற்கும் தொட்டிக் கலவை மண்ணில் ஒரு செ.மீ. ஆழத்தில் தூவுங்கள். மல்லிக்கு ஆணிவேர், பிடுங்கி நட்டால் சுணங்கும். வளரவேண்டிய தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள்.

ஏழு முதல் பதினான்கு நாளில் மண் லேசாக வெடிக்கும். வளைந்த கழுத்தோடு, விதைத்தோலைத் தொப்பி போலச் சுமந்துகொண்டு முளை எழும். அதை உரிக்கப் போகாதீர்கள், தானே விழும். முதல் இரண்டு இலை நீளமாக, புல் மாதிரி இருப்பதைப் பார்த்து, களை முளைத்துவிட்டது என்று நான் பாதியைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். மூன்றாவது இலையில்தான் அந்த வெட்டு வெட்டான விளிம்பு வரும். விரலால் தடவினால் வாசம் அப்போதே அடிக்கும்.

இனி எல்லாம் தூரத்தைப் பொறுத்ததுதான். பல்புக்கும் இலைக்கும் 10 முதல் 15 செ.மீ.தான் இடைவெளி. முதல் தடவை நான் தொட்டியைப் பெட்டியின் தரையில் வைத்தேன். நாற்றெல்லாம் வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு படுத்துவிட்டது. தொட்டியின் அடியில் பழைய புத்தகங்களை அடுக்கி உயர்த்துங்கள். செடி வளர வளர ஒவ்வொன்றாக உருவிவிடலாம்.

டைமரில் 12 மணி நேரம் போதும். வெளிச்சம் கூடினால் நல்லதுதானே என்று 18 மணி நேரம் எரியவிடுவார்கள். நீண்ட பகலும் சூடும் மல்லியைச் சீக்கிரம் பூக்கவைக்கும்; பூத்தண்டு எழும்பினால் தழை நின்றுபோகும்.

தண்ணீரை நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மண்ணில் குட்டிக் கறுப்புப் பூச்சி பறந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

ஏறக்குறைய ஆறு வாரத்தில் வெளிப்பக்கத் தண்டுகளை அடியோடு வெட்டிக்கொள்ளலாம். நடுக்குருத்தில் கை வைக்காவிட்டால் திரும்பவும் துளிர்க்கும். ஆனால் ஒரு தொட்டி ஆயுள் முழுக்கத் தராது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்த தொட்டியில் விதை போட்டுவிடுங்கள்.